சங்கு கேட்டு வெளியே வந்தவர்கள்

"இந்த ஆண்டின் சிறந்த கிளை, மஞ்சூர்!" என்று ஒலிபெருக்கி சொன்னதும் ஸ்டெபியும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினாள். பக்கத்தில் இருந்தவர் தோளைத் தொட்ட பிறகுதான், மேடைக்குப் போக வேண்டியது தான்தான் என்பது உறைத்தது.

ஊட்டியில் அந்த மண்டபம் நிறையப் பொறியாளர்கள். லீவு நாளில், கைக்காசு போட்டு, மலையூர்களுக்குப் பாலமும் குடிநீர்க் குழாயும் அமைத்துக் கொடுக்கிற சங்கத்தார். ஆண்டுக்கொரு முறை, நன்றாகச் செய்த கிளைக்கு ஒரு கேடயம்.

மஞ்சூர் கிளை செய்தது மின்சாரத்தில் ஊதுகிற ஒரு அபாயச் சங்கு. தேயிலை எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு மேலே, சரிவில் கம்பங்கள் நட்டார்கள். மண் நகர்ந்து கம்பம் சாய்ந்தால் சங்கு ஊதும். ஊதினால் சனங்கள் வீட்டை விட்டு ஓடிவிட வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

போன மழைக்குச் சரிவு இறங்கியது. லைன் வீடுகள் மண்ணோடு போயின. உள்ளே ஒருவரும் இல்லை. இறந்தது ஒரே ஒருவன்தான். சங்கைக் கம்பத்தில் மாட்டிய ஜெர்சன். டீ ஃபாக்டரியில் எலக்ட்ரீஷியன், கிளையின் உறுப்பினன், ஸ்டெபியின் கணவன்.

கிளைத் தலைவர் ராஜசேகர் மைக்கைப் பிடித்திருந்தார். தங்கமான மனிதர். பேச ஆரம்பித்தால் மட்டும் நிறுத்தத் தெரியாது.

"சங்கு கேட்டு எல்லாரும் கீழே ஓடினார்கள். நம்ம ஜெர்சன் ஒருத்தர்தான் மேலே ஓடினார். யாராவது மாட்டிக்கொண்டார்களா என்று பார்க்க ஓடினார்!"

மண்டபமே எழுந்து நின்றது.

ஸ்டெபிக்குத் தெரியும், நடந்தது அதுவல்ல. நடந்ததை இன்றைக்காவது சொல்லி இறக்கி வைத்துவிட வேண்டும் என்றுதான், பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு பஸ் ஏறியிருந்தாள்.

அந்தச் சங்கின் லட்சணம் அவளுக்குத் தெரியாதா? காட்டெருமைக்கு முதுகு அரித்தால் போதும், கம்பத்தில் வந்து உரசும். மலை முழுக்கச் சங்கு ஊதும். ஜெர்சன் குடையை எடுத்துக்கொண்டு போய் மாட்டை விரட்டி, சங்கை நிறுத்திவிட்டு வருவான். வாரம் தவறாமல் இதே கூத்துதான்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து, சரிவுக்குத் தள்ளியிருந்த ஃபாக்டரி குவார்ட்டர்ஸுக்கு வந்து சாப்பிட்ட அசதி. காய்ச்சலில் சிணுங்கிக்கொண்டே கிடந்த பிள்ளை அப்போதுதான் கண் அயர்ந்திருந்தது. சங்கு ஊத ஆரம்பித்தது.

ஜெர்சன் எழவில்லை. "ஊதட்டும் விடு, மாடு அதுவா போயிரும்" என்று திரும்பிப் படுத்தான்.

"ஏனுங்க, பாப்பா முழிச்சுக்குமுங்க. ஒரு எட்டு போயி அதை நிறுத்திப்போட்டு வாங்க."

சொன்னது அவள்தான். அவன் முனகிக்கொண்டே செருப்பைத் தேடினான்.

கேடயத்தைக் கையில் கொடுத்து, மைக்கை அவள் பக்கம் திருப்பினார்கள். இரண்டு வார்த்தை பேசம்மா என்றார் ராஜசேகர்.

"அவரு யாரையும் காப்பாத்தப் போகலீங்க" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "மாடுன்னு நெனச்சுட்டு, சங்கை நிறுத்தத்தான் போனாருங்க."

பாதி வந்துவிட்டது. போகச் சொன்னது தான்தான் என்கிற மீதி வரவில்லை.

ராஜசேகர் தரையைப் பார்த்தார்.

முன் வரிசையில் லைன் வீட்டுச் சனங்களை உட்கார வைத்திருந்தார்கள். அதிலிருந்து கொழுந்து பறிக்கிற பேச்சியம்மா எழுந்தாள்.

"அது எங்களுக்குத் தெரியாதா கண்ணு? சங்கு சத்தத்துக்கு எங்கள்ல யாரு வெளிய வந்தா? அது எப்பவும் ஊதறதுதானேன்னு உள்ளதான் கெடந்தோம். ஜெர்சன் தம்பி குடையோட ஏறுறதப் பாத்துட்டுத்தான் வந்தோம். ஞாயித்துக்கெழம பொழுது போகோணுமல்ல? தம்பி எப்ப ஏறுனாலும் லைனைத் தாண்டி ரோட்டு வளைவுல நின்னு கேலி பேசுவோம். பூனைக்கு மணி கட்டச் சொன்னா மாட்டுக்குக் கட்டிப்போட்டியே தம்பின்னு அன்னைக்கும் கத்துனோம். சிரிச்சுட்டே மேல போச்சு."

அவளுக்கு மூச்சு வாங்கியது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"தம்பி மட்டும் அன்னைக்கு ஊட்டுலயே படுத்திருந்தா, நாங்க அத்தன பேரும் மண்ணுக்குள்ள."

அதற்குப் பிறகு கைதட்டல் எங்கிருந்தோ தொடங்கி மண்டபத்தை நிறைத்தது. பேச்சியம்மா மேடையேறி வந்து ஸ்டெபியைக் கட்டிக்கொண்டாள். "இன்னும் என்னமோ சொல்ல வந்தியே கண்ணு, சொல்லு" என்றாள்.

ஸ்டெபி முன் வரிசையைப் பார்த்தாள். கைக்குழந்தையோடு ஒருத்தி. குரங்குக் குல்லா போட்ட ஒரு கிழவர். புது ஸ்வெட்டரில் இரண்டு பெண் பிள்ளைகள், எதற்கென்று தெரியாமலே பலமாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரையும் வெளியே கொண்டுவந்தது தன் வாயிலிருந்து வந்த ஒரு சொல்தான் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. பங்குச் சாமியாரிடம் சொன்னால் ஆண்டவரின் சித்தம் என்பார். அம்மாவிடம் சொன்னால் புண்ணியம் என்பாள்.

அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க மனசு இளகும் என்று காத்திருந்தாள்.

இளகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு முறை வாய்த்தால், பிள்ளை முழித்தால் முழிக்கட்டும் என்று அவனைத் தூங்க விட்டுவிடுவாள்.

"ஒண்ணுமில்லீங்கக்கா" என்றாள்.