முழுக்கைச் சட்டை

அட்மிஷன் சீட்டு வாங்கிக்கொண்டு வார்டுக்குத் திரும்பிய அமிர்தவல்லி, மகன் எழிலின் கையைப் பார்த்ததும் கொதித்துப்போனாள். நர்ஸ் அவன் சட்டையை மடித்து விட்டிருந்தாள். முழங்கை மடிப்பெங்கும் ஊசிக் குத்துகள். தோல் கறுத்துக் கன்றியிருந்தது.

"ஏம்மா, இது இன்னா கையா, சல்லடையா?"

"நரம்பு கிடைக்கலம்மா..."

"கெடைக்கலன்னா இப்பிடியா குத்துவ? சதுரங்கப்பட்டினத்துல மீனுக்குக்கூட நான் இத்தினி வெட்டு போடமாட்டேன்! ஜொரம்னுதான் புள்ளய இட்டாந்தேன். ஆபீசராட்டம் முழுக்கை சட்டை போட்டுகினு கம்பெனிக்குப் போறவன். அவன் கைய நாசம் பண்ணிட்டியே, நீ நல்லா இருப்பியா?"

"அம்மா, வுடும்மா," என்று எழில் முனகினான்.

"நீ சும்மா இர்றா! பெரிய டாக்டரக் கூப்புடு!"

நர்ஸ் தன் கையிலிருந்த ஊசியை நீட்டிக் காட்டினாள். உறை பிரிக்கப்படவே இல்லை.

"நான் இன்னும் ஒரு தடவைகூடக் குத்தலம்மா. இதெல்லாம் போதைக்காக வலி மாத்திரையைக் கரைச்சு இவரே ஏத்திக்கிட்டது. நரம்பெல்லாம் செத்துப்போச்சு. ரத்தத்துல கிருமி ஏறித்தான் இந்தக் காய்ச்சல். கை தப்புமான்னு டாக்டர்தான் சொல்லணும்."

எழில் அவசரமாகச் சட்டையைக் கீழே இழுத்தான்.

அமிர்தவல்லி அவன் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள்.

"மூடாத! அந்தக் கையையும் காட்டுடா!"