முதுகில் விழுந்த வெளிச்சம்

கரையில் படகு ஒன்று எரிகிறது. ஒரு சிறு பிள்ளை உட்பட ஐந்து பேர் நின்று பார்க்கிறார்கள். நாடக அரங்கின் முகப்புக்காக ஓவியக்காரி தீட்டிய எண்ணெய்ச் சித்திரம் அவ்வளவுதான். ஐவரும் தீயை நோக்கி நிற்பதால் நமக்குத் தெரிவது முதுகு மட்டும். அது இருண்டுதான் கிடக்க வேண்டும்.

ஆனால் மூன்று நாளாகக் காலையில் வந்து பார்த்தால் எல்லா முதுகிலும் செம்மஞ்சள் வெளிச்சம். சுரண்டிச் சுரண்டி அடர்பழுப்பைப் பூசியதில் அவளுக்குத் தோள்பட்டையே கழன்றுவிட்டது.

“ஏங்க, நீங்க தொட்டீங்களா?”

“எனக்குச் சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கவே வராது. என்னைப் போய்க் கேக்கறியே!” என்றான் கணவன்.

“அப்போ இந்த வெளிச்சம் எங்கேருந்து வருது? தீ அவங்களுக்கு முன்னாலதானே இருக்கு?”

அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். “நம்ம பக்கத்துலேருந்து விழற மாதிரி இருக்கு.”

“ரொம்ப ஒத்தாசை!” என்று எரிந்து விழுந்தவள், மறுபடியும் கத்தியை எடுத்தாள்.

நான்காம் நாள் படத்தை எடுத்துப்போக வண்டி வரவிருந்தது. காலையில் துணியை விலக்கினாள். முதுகுகளைக் காணவில்லை. ஐவரும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள். அவள் தீட்டாத முகங்கள், அதே செம்மஞ்சள் வெளிச்சத்தில் பளீரென்று ஒளிர்ந்தன. பின்னால் படகு தன்பாட்டுக்கு எரிந்தது. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

“என்னத்தைப் பாக்கறாங்க?” கணவனின் குரல் இறங்கியிருந்தது.

அவள் இன்னும் நெருங்கிப் பார்த்தாள். ஐவரில் ஓரத்தில் நின்ற பெண், தன் பிள்ளை இவர்கள் இருவரையும் பார்த்துவிடாதபடி அதன் கண்களை உள்ளங்கையால் இறுக மூடியிருந்தாள்.