நாற்காலியில் கிடந்த துண்டு

டப்பா காலியாக இருந்தது.

அவன் சாப்பிடவில்லை.

அலுவலக மாடிப்படியில் நின்று மூடியை மறுபடியும் திறந்து பார்த்தான். காலையில் மனைவி சுகிர்தா கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதம். ஒரு பருக்கை மிச்சமில்லை.

பகல் முழுக்க அவன் இருக்கையிலேயே இல்லை. உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில், ஒரு சிமெண்டு பெஞ்சில், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இருக்கையில் இருந்தது அவனுடைய துண்டு.

அது அந்த அலுவலகத்தின் வழக்கம். நாற்காலி முதுகில் துண்டு, மேஜையில் சாப்பாட்டுப் பை, தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி. இவ்வளவும் இருந்தால் ஆள் இருக்கிறான் என்று பொருள். மேனேஜர் அதற்கு மேல் கிட்டே வந்து பார்ப்பதில்லை. பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிற ஊரில் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அவன் இன்னும் ஒரு படி மேல். அடுத்தவர் துண்டை நகர்த்திவிட்டு உட்கார அவனுக்கு வராது. ஒருமுறை திருச்சியிலிருந்து சென்னை வரை நின்றுகொண்டே போனான். துண்டுக்கு உரியவன் கடைசிவரை ஏறவே இல்லை. சுகிர்தா இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

முன்பெல்லாம் சிரிப்பாள்.

வேலை, கூரியர் கம்பெனியின் புகார்ப் பிரிவில். தொலைந்துபோன பார்சல்களுக்காக வருத்தம் தெரிவிப்பது. நாள் முழுக்க யார் யாருக்கோ வருத்தப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் மகளோடு பேசக்கூட வாய் வராது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று தினமும் தோன்றும்.

மகளுக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும். அந்தச் செலவைக் கம்பெனியின் காப்பீடு பார்த்துக்கொள்கிறது. வேலை போனால் அதுவும் போகும்.

"விட்டுருங்க. வேற ஏதாவது பாத்துக்கலாம்," என்று போன வாரம் சுகிர்தா சொன்னாள். "தினம் நீங்க வீட்டுக்கு வர்றீங்க, மொகம் வர்றதில்ல."

விடவும் முடியவில்லை. இருக்கவும் முடியவில்லை. அதைத் தீர்மானிக்கத்தான் வாய்க்கால் கரைக்குப் போனான்.

யாரோ பசித்தவன் சாப்பிட்டிருப்பான். டப்பாவை மூடினான்.

மறுநாளும் துண்டைப் போட்டுவிட்டுப் போனான்.

மாலையில் டப்பா காலி. கணினியில் அன்றைய புகார்களுக்கெல்லாம் அவன் பெயரில் பதில் போயிருந்தது.

மூடியின் விளிம்பில் கறிவேப்பிலைகள் ஒட்டியிருந்தன. ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, காம்பு வெளியே பார்க்க.

அப்படி ஒட்டுகிற ஆள் அவன் ஒருவன்தான். சின்ன வயதிலிருந்து அதற்குத் திட்டு வாங்கியிருக்கிறான்.

டப்பாவை அவசரமாக மூடிப் பைக்குள் திணித்தான்.

படியிறங்கும்போது பக்கத்து இருக்கைப் பொற்செல்வன் கூடவே இறங்கினான்.

"என்னண்ணே, இன்னிக்கு ஒரே பாட்டாப் பாடிக்கிட்டு இருந்தீங்க? போன்ல திட்டுறவங்ககிட்டகூடச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறீங்க. இப்படியே இருங்கண்ணே."

அவன் பாடி வெகுநாளாகிவிட்டது. கடைசியாகப் பாடியது மகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டியபோது.

அன்று தூக்கம் வரவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் விடிந்ததும் பயத்துக்கு அடியிலிருந்து ஒரு சந்தோஷம் மெல்ல எட்டிப் பார்த்தது. வேலையும் நடக்கிறது. காப்பீடும் இருக்கிறது. அவனும் அங்கே இல்லை.

கரும்பு தின்னக் கூலி.

இனி எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

துண்டை விரித்துப் போட்டான். மின்விசிறியைச் சுழலவிட்டான். போகும்போது, அசட்டுத்தனமாக, காலி நாற்காலியைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னான்.

"எல்லாத்தையும் பாத்துக்க."

வாய்க்காலில் தண்ணீர் மெதுவாக ஓடியது. ஆகாயத்தாமரை ஒன்று கரையில் சிக்கி, விடுபட்டு, போனது. பெஞ்சில் அப்படியே கண்ணயர்ந்தான். இவ்வளவு நிம்மதியாகத் தூங்கி எத்தனையோ வருடமாகியிருந்தது.

விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

அலுவலகத்தில் மின்விசிறி நின்றிருந்தது. மேஜையில் பை இல்லை.

நாற்காலியில் துண்டு இல்லை.

வீட்டுக்கு வேகமாக நடந்தான். சொந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் ஓடினான்.

கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அவனுடைய குரல்.

"இன்னொரு தடவ பாடுப்பா," என்றாள் மகள்.

"அப்பாவ விடு பாப்பா. இப்பத்தான வந்தாங்க." இது சுகிர்தா. பிறகு கொஞ்சம் தயங்கி, "வேலைய என்ன பண்றதா முடிவு பண்ணுனீங்க?"

"அத எதுக்கு விடணும்?" என்றது அவனுடைய குரல். "நல்லாத்தான இருக்கு."

சுகிர்தா சிரித்தாள். பழைய சிரிப்பு. அதைக் கேட்டதும் அவனுக்கு அழுகை வந்தது.

கதவைத் தட்டக் கையை ஓங்கினான்.

வாசலில், மாலை வேளைகளில் அவன் உட்காருகிற பிளாஸ்டிக் நாற்காலி. அதன் முதுகில் துண்டு விரித்துப் போட்டிருந்தது.

ஓங்கிய கை தானாக இறங்கியது.

உள்ளே பாட்டு மறுபடி தொடங்கியது. நாற்காலி காலியாகத்தான் இருந்தது. சுவரோரமாக ஒதுங்கி, காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு, அவன் நின்றான்.