கத்திரிப்பூ நிறப் பொட்டு

பெட்டியைக் கழற்றியதும் மச்சான் முதலில் செய்த காரியம், அதைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் துடைத்ததுதான்.

எனக்குச் சுருக்கென்றது.

அங்கேதான் என் அடையாளம் இருந்தது.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. லாரி எங்கள் இரண்டு பேருக்கும் பொது. ஒரு நடை நான் ஓட்டினால், அடுத்த நடை அவன்.

அந்த அலுமினியப் பெட்டிதான் லாரிக்கு மூளை. எஞ்சினின் பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டு, டீசல் எப்போது போகலாம், எவ்வளவு போகலாம் என்று அதுதான் உத்தரவு போடும். அது மக்கர் செய்தால் மேட்டில் ஏறும்போது வண்டி பொசுக்கென்று நின்றுவிடும். அப்படித்தான் நின்றது, மச்சான் ஓட்டும்போது.

எப்படியோ உருட்டிக்கொண்டு வந்து என் வீட்டு வாசலில் விட்டுவிட்டு, "கம்ப்யூட்டர் போச்சு மாமா, மாத்தணும்" என்றான். எலக்ட்ரீஷியனையும் அவனே பிடித்தான். அவனுக்குச் சிநேகிதனாம். எனக்கு இடித்தது அங்கேதான்.

இந்தத் தொழிலில் இது ஊரறிந்த வித்தை. நம்முடைய நல்ல பெட்டியை உள்ளே கொண்டுபோவார்கள். வெளியே வரும்போது எவனுடையதோ ஒரு செத்த பெட்டியைக் கையில் கொடுத்து, இதுதான் உன் பழசு என்பார்கள். இன்னும் கைகாரர்கள், நம் பெட்டியையே துடைத்துப் பளபளப்பாக்கி, புதுசென்று நம் வண்டியிலேயே மாட்டிவிடுவார்கள்.

அதனால் காலையில் மனைவி குளிக்கப் போன நேரமாகப் பார்த்து, அவளுடைய நகப்பூச்சை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கத்திரிப்பூ நிறம். மூடி சரியாக மூடப்படாமல் இருந்தது. அவள் அப்படி வைக்கிறவள் இல்லை. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கண்ணுக்கு எட்டாத அந்த மூலையில் தடவிப் பார்த்து ஒரு பொட்டு வைத்தேன். அப்புறம்தான் வண்டியை எலக்ட்ரீஷியனின் பட்டறைக்கு உருட்டிக்கொண்டு வந்தோம்.

அந்தப் பொட்டு பழைய பெட்டியில் இல்லையென்றால் மச்சான் கள்ளன். கூட்டு அன்றோடு முடிந்தது.

லாரி போனால் போகட்டும். ஆனால் என் மனைவிக்கு உடன்பிறப்பு என்று இருப்பது இவன் ஒருவன்தான். இனி இந்த வீட்டுப் படி ஏறாதே என்று இவனிடம் சொல்லிவிட்டு அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

துடைத்து முடித்த மச்சான் நிமிர்ந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு பெட்டியை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தான்.

பழசில் இருக்கும் வண்டியின் விவரங்களையெல்லாம் புதுசில் ஏற்றினால்தான் அது இந்த வண்டியின் சாவியை மதிக்குமாம். இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு எலக்ட்ரீஷியன் உள்ளறைக்குப் போனான். மச்சானும் பின்னாலேயே போனான். நான் எழுந்ததும், உள்ளே தூசி ஆகாது, வெளியிலேயே இருங்கள் என்று எலக்ட்ரீஷியன் கதவைச் சாத்திவிட்டான்.

மச்சான் சட்டையில் மட்டும் தூசி இல்லை போலிருக்கிறது.

உள்ளே கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேச்சு. பிறகு எலக்ட்ரீஷியனின் சிரிப்பு.

எதற்குச் சிரிப்பு? பெட்டியைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது? டயரின் மேல் உட்கார்ந்து என் நகத்தையே கடித்துத் துப்பிக்கொண்டிருந்தேன்.

புதுப் பெட்டியை மாட்டும்போது, ஸ்பானர் எடுத்துத் தருகிற சாக்கில் குனிந்து அதன் அடியைப் பார்த்தேன். பொட்டு இல்லை. பாதி மூச்சு வந்தது.

சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரே உறுமலில் கிளம்பியது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"பழசைக் குடு" என்றேன்.

"அதை வச்சுக்கிட்டு என்ன மாமா பண்ணப் போறீங்க?" என்று மச்சான் இழுத்தான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

போச்சு, மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன். எலக்ட்ரீஷியன் கையிலிருந்து வெடுக்கென்று வாங்கித் திருப்பினேன்.

பொட்டு இருந்தது. நான் வைத்த மூலையில், நான் வைத்தபடியே, கொஞ்சம் இழுபட்டு.

அப்பாடா! அந்த நிமிஷம் மச்சானை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இவனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் எதிர் மூலையைப் பார்த்தேன்.

அங்கேயும் ஒரு பொட்டு. அதே கத்திரிப்பூ நிறம். என்னுடையதைவிட வட்டமாக, நிதானமாக வைத்தது.

எலக்ட்ரீஷியன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "பொட்டு வச்ச பெட்டி எங்ககிட்ட நிறைய வரும்ணே, நாங்க கண்டுக்க மாட்டோம். ஒரே பெட்டிக்கு ரெண்டு முதலாளியும் தனித்தனியா வச்சது இதுதான் முதல் தடவை. அதான் உள்ள சிரிப்பை அடக்க முடியல."

மச்சான் தலையைக் குனிந்துகொண்டான்.

வண்டி நின்றது என் வீட்டு வாசலில். பெட்டி இருந்தது என் கைக்கு எட்டுகிற இடத்தில். நான் மாற்றிவிடுவேன் என்று நினைத்திருக்கிறான், படுபாவி! கோபம் தொண்டை வரை வந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கோபப்படுவது? வந்த வழியே இறங்கிப் போனது.

ஆனால், இவனுக்கு அந்த நகப்பூச்சு எப்படிக் கிடைத்தது?

என் போன் அடித்தது. மனைவி.

வண்டி கிளம்பிற்றா என்று அவள் கேட்கவில்லை.

"ரெண்டு பொட்டும் இருந்துச்சா?" என்றாள்.