சார்ஜ் நிக்காதவள்

இருட்டிய பிறகு, நின்றிருந்த லாரியில் டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. எஞ்சினைக் கிளப்பப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தாள் பேட்டரி.

"இவளுக்குச் சார்ஜே நிக்க மாட்டேங்குது," என்றான், அவளை நிரப்ப வேண்டிய டைனமோ. "முன்னாடி இருந்தவளும் இப்படித்தான். கழட்டி எறிஞ்சாங்க."

"நீங்க குடுத்தாத்தானே நிக்கும்?"

"பகல் முழுக்க உனக்காகத்தானே சுத்தினேன்? என் பெல்ட் கத்தினது கேக்கலையா?"

கத்தியது ஊருக்கே கேட்டது. சார்ஜ்தான் வரவில்லை.

கேபினில் மங்கிக்கொண்டிருந்த குட்டி விளக்கு, "அம்மா, எனக்கு இருக்கா?" என்றது.

"உனக்கு மட்டும் இருக்குடா."

டைனமோ உடனே குழைந்தான். "அதையும் குடும்மா. எஞ்சின் ஒரு தடவை கிளம்பட்டும், விடியறதுக்குள்ள உன்னை ரொப்பிடறேன்."

போன வாரமும் இதையேதான் சொன்னான்.

"முடியாது," என்றாள்.

"அப்ப நாளைக்கு மெக்கானிக் உன்னைத்தான் கழட்டுவான். பழுது என்கிட்டன்னு எவன் நம்புவான்?"

எவனும் நம்ப மாட்டான் என்று அவளுக்கும் தெரியும். விளக்கை ஒயரோடு தன் பெட்டிக்குள் இழுத்துக்கொண்டாள். பிறகு கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டாள்.