பதினாலணா நோட்டு

பட்டாளத்துக்கு அரிசி கொடுத்த பாபநாசம் பிள்ளைக்குச் சர்க்கார் நோட்டாகவே பணம் தந்தது. சண்டைக்காலக் கடைத்தெருவில் நோட்டுக்கு முழு மதிப்பில்லை. நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டார்.

விசாரிக்க வந்த தாசில்தார் சிரித்தார். "ராஜா தலை போட்ட நோட்டுவே! ரூபாய்னா ரூபாய்தான்."

திரும்பிப் போக வாசலில் நின்ற வண்டியில் ஏறப்போனார். வண்டிக்காரன் சுடலை அவருடைய ஒரு ரூபாய் நோட்டை வாங்க மறுத்தான். "வெள்ளியாத் தாங்கய்யா."

வேறு வழியின்றி, பதினாறணா பெறவேண்டிய அந்த நோட்டைப் பிள்ளையிடமே கொடுத்துப் பதினாலணா சில்லறை வாங்கினார் தாசில்தார்.

"இதையே எழுதி ஒப்பம் போட்டிருங்கய்யா," என்றார் பிள்ளை. போட்டார். நஷ்டஈடு நிச்சயமாயிற்று.

தாசில்தாரை இறக்கிவிட்டுச் சுடலை திரும்பினான். "சொல்லிக்கொடுத்தபடியே பேசிட்டியேலே!" என்று தட்டிக்கொடுத்த பிள்ளை, வழக்கம்போல அவனுடைய வாரக்கூலி ஒரு ரூபாய்க்கு அந்த நோட்டையே நீட்டினார்.

"இன்னும் ரெண்டணா குடுங்க மொதலாளி," என்றான் சுடலை. "தாசில்தாரே ஒப்பம் போட்டிருக்காகல்லா!"