பொக்கற்றில் அகப்பட்டது

"கிருஷிகன்ர பொக்கற்றுக்குள்ளை ஏதோ அம்பிட்டதாம் அப்பா. அதை வைச்சுத்தான் பொலிசிலை மறிச்சு வைச்சிருக்கினம்."

நிரோஜினி மூச்சு வாங்கச் சொன்னாள். பாலச்சந்திரன் தராசில் போட்ட வெண்டைக்காயை அப்படியே விட்டுவிட்டு மகளைப் பார்த்தார். பாரிஸில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் அவர் கடை திறந்த நாளிலிருந்து பொலிஸ் என்ற சொல் அந்தப் படி ஏறியதில்லை.

"என்ன சாமான் அம்பிட்டது?" என்று கேட்டது அவரல்ல. வெண்டைக்காய்க்குக் காத்து நின்ற அற்புதராணி.

"தெரியாது அன்ரி. அவன்ர அவொக்கா, லோயர் பொம்பிளை, போன் எடுத்தவ. உதைபந்தாட்டம் பாக்கப் போன இடத்திலை பிடிச்சதாம்."

"எங்கட கிருஷிகனையோ? தங்கமான பொடியனெல்லே!" அற்புதராணி கன்னத்தில் கை வைத்தாள். "ஆனா அண்ணை, அந்தப் பந்துக் கூட்டத்துக்குள்ளை தூள் அடிக்கிறவங்களும் இருக்கிறாங்களாம். டி.வி.யிலை சொன்னவங்கள்."

"அரைக் கிலோ இருக்குது. கொண்டு போங்கோ," என்றார் பாலச்சந்திரன். காசு வாங்கவில்லை. அவள் வெளியே கால் வைத்ததும் கடைக் கதவைப் பாதிக்கு இழுத்துவிட்டார். இன்னும் சற்று நேரத்தில் லா சப்பல் கடைத்தெரு முழுக்க அவர் மகன் தூள்காரன் ஆகிவிடுவான்.

"அவன்ர கூட்டாளி கஜனும் கூடப் போனவன் அப்பா, அவனைக் கேட்டனான்," என்றாள் நிரோஜினி. "ஆட்டம் தொடங்கவே இல்லையாம். மெட்ரோவாலை வந்த சனத்தைப் பொலிஸ்காரர் ஒரு பாலத்துக்குக் கீழை அடைச்சுப்போட்டினமாம். முன்னுக்கும் விடேல்லை, பின்னுக்கும் விடேல்லை. ஆரோ ஒருத்தன் போத்தல் எறிஞ்சதுக்கு, குழந்தை குஞ்செண்டும் பாக்காமல் எல்லாருக்கும் கண்ணீர்ப்புகை அடிச்சவையாம். பிறகு சுவரைப் பாத்து நிக்கவைச்சுப் பொக்கற்றைத் தடவினவையாம்."

"கஜனை விட்டுட்டாங்களெல்லே? அவன்ர பொக்கற்றிலை ஒண்டும் இல்லை, விட்டுட்டாங்கள். இவன்ர பொக்கற்றிலை இருந்தது, பிடிச்சாங்கள். சும்மா பிடிப்பாங்களோ?"

அவருடைய ஆத்திரத்துக்குக் காரணம் இருந்தது. முதல் நாள் காலையில்தான் அம்மன் கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். ஏழரைச் சனி நடக்கிறது, சனக்கூட்டத்தில் கவனம் என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார். அவனோ தலையை ஆட்டிவிட்டுப் போய் இந்த அசிங்கத்தைத் தேடிக்கொண்டான்.

"வழக்கு எழுதினா அவன்ர எயார்போர்ட் வேலைப் பாஸைப் பறிச்சுப்போடுவினம். வேலை போயிடும். நீங்கள் ஒருக்கா வந்து கதைச்சா..."

"அவனுக்காகக் கதைக்கவோ? நானோ?"

"அதை ஆர் தந்தது எண்டு கேட்டா வாயே திறக்கிறானில்லையாம் அப்பா. அதுதான் அவைக்குக் கோபமாம்."

"ஓ! தந்தவனைக் காப்பாத்துறாரோ துரை?" பாலச்சந்திரன் தராசுத் தட்டைத் தள்ளிவிட்டார். "அதை அவன்ர கையிலை குடுத்த நாயையெல்லே முதல் பிடிச்சு உள்ளுக்குப் போடவேணும்!"

கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணாடியில் பார்த்துத் திருநீற்றைச் சரி செய்தார்.

"வாறன். வந்து, இப்பிடி ஒரு பிள்ளை எனக்கு இல்லையெண்டு அவங்களுக்கு முன்னாலை சொல்லிப்போட்டு வாறன்."

கொமிசாரியா என்கிற பொலிஸ் நிலையத்தில் அவர் உட்காரவில்லை. நீட்டிய கதிரையையும் மறுத்துவிட்டு விறைத்தபடி நின்றார்.

கிருஷிகனைக் கூட்டி வந்தார்கள். பெல்ட்டைக் கழற்றி எடுத்திருந்தார்கள். காற்சட்டை நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடந்தான். சப்பாத்துகளுக்கு நாடா இல்லை. கண்கள் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன. டிக்கெற் வாங்கிப் பந்து பார்க்கப் போன பிள்ளையை ஆடு மாடுபோல அடைத்து, பிறகு உடுப்பிலும் கை வைத்திருக்கிறார்கள். பாலச்சந்திரனுக்கு ஆத்திரம் பொங்கியது. அது யார்மேல் என்று அவருக்கே விளங்கவில்லை.

அதிகாரி பிரெஞ்சில் நீளமாகப் பேசினார். நிரோஜினி தலையைக் குனிந்தபடி தமிழில் சொன்னாள்.

"இவன் கலகம் பண்ண ஆயத்தமாத்தான் வந்தவனாம். புகை அடிச்சா கண் எரியாமல் இருக்கக் காடையர் இதைத்தான் கொண்டு திரியிறவையாம். தந்தவன்தான் கூட்டத்துக்குத் தலைவனாம். அவனையும் கூப்பிட்டு விசாரிப்பினமாம்."

அதிகாரி ஒட்டி மூடிய பிளாஸ்டிக் பையொன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

பைக்குள் ஓர் எலுமிச்சம்பழம். அதன் உச்சியில், காய்ந்தும் உதிராமல், குங்குமம்.

"தேசிக்காயோ?" என்றாள் நிரோஜினி.

பாலச்சந்திரன் மகனைப் பார்த்தார். வீட்டில் எதைக் கேட்டாலும் பிரெஞ்சிலேயே பதில் சொல்கிறவன், இப்போது மெல்லிய குரலில் தமிழில் சொன்னான்: "ஒண்டும் சொல்லாதேங்கோ அப்பா. வீட்டை போங்கோ."

அவர் போகவில்லை. கோட்டின் பொத்தான்களைப் பூட்டினார். இரண்டு கைகளையும் சேர்த்து அதிகாரிக்கு முன்னால் மேசைமேல் நீட்டினார்.

"சொல்லு பிள்ளை. குடுத்த நாய் நான்தான்."